கதவு வரைக்கும் அவர், திரும்பியதும் அவன்

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் பையனும் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும், முக்கியமாக உங்கள் வலது முழங்காலும், சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்து எட்டு வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் கோபித்துக்கொண்டிருப்பீர்கள். அதெல்லாம் அக்காவுக்குக் கோபமே வராது என்று உங்கள் தம்பி சொல்கிறார், ஆனால் அவர் யாருடைய கோபத்தையும் மூன்றாவது நாள்தான் கண்டுபிடிப்பார் என்பது உங்களுக்கே தெரியும். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை முயன்றேன். நாலு தடவையும் பையன் போனைப் பிடுங்கிச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டான். நான்தான் வைத்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை நான்தான் வைத்தேன், அப்போது பால் பொங்கிவிட்டது.

கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். ஒன்று, "பையனுக்கு ரெண்டே கால் வயசாச்சே, வாயைத் திறந்தானா இல்லையா?" இரண்டு, "சினிமா பாக்கறதுக்குக்கூடவா ஒரு வேலை, அதுக்கும் சம்பளமா?" இரண்டாவதற்கு அடியில் மூன்று கோடு போட்டிருந்தீர்கள். அதனால் இரண்டாவதை முதலில் சொல்கிறேன். முதலாவதற்கான பதில் இதற்குள்ளேயே எங்கோ இருக்கிறது, எங்கே என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணி, நான் சினிமா பார்க்கவில்லை. சினிமா சொல்கிறேன். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் பாடத்துக்காக வாங்கிவைத்த படங்கள் நாற்பது இருக்கின்றன. கண் தெரியாத பிள்ளைகளும் அதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள், அதே பரீட்சையைத்தான் எழுதுகிறார்கள். படத்தில் பேச்சு வருகிற வரை அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பேச்சு நின்று, ஆட்கள் சும்மா நடக்கவும் பார்க்கவும் ஆரம்பித்தால், அங்கே என்ன நடக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லி, ரெக்கார்டு பண்ணி, படத்தோடு சேர்த்துவைக்கிற வேலை என்னுடையது. காது கேட்காத பிள்ளைகளுக்கு எழுத்துப் போடுகிற வேலை தனி, அதை மாடியில் ஒருவர் செய்கிறார், அவர் பாடு அவருக்கு. என்னை ஏன் பிடித்தார்கள் என்றால், சாயங்காலம் மூடுகிற நேரத்தில் "வாசகர்கள் கவனத்திற்கு" என்று மைக்கில் சொல்கிறவள் நான்தான். எங்கள் நூலகர் ஐயா, புத்தகம் கிழிந்தால் கண்கலங்குகிறவர், மற்றபடி நல்லவர், என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, உன் குரல் நல்லாத்தானே இருக்கு. திரையில இருக்கறத அப்படியே சொல்லணும், அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு?" என்றார். இதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை. அவருக்கு இன்றுவரை தெரியாது.

அவசரத்துக்குக் காரணம் ஒரு பெண். சட்டம் படிக்கிறவள், கடைசி வருஷம், பிறவியிலேயே பார்வை கிடையாது. எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை பண்ணுவாள் என்பதால் நூலகத்தில் எல்லோருக்கும் அவள் வக்கீலம்மா. விருப்பப் பாடமாகத் திரைப்படப் பேப்பர் ஒன்று எடுத்து, போன வருஷம் அதில் ஃபெயில். அந்தப் பேப்பரில் ஒரு பழைய படம். பல வருஷம் வீட்டை விட்டுப் போன ஒரு ஆள் திரும்பி வருகிறார், தன் வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறார், ஜன்னல் வழியாக மனைவியையும் குழந்தையையும் பார்க்கிறார், கையிலிருந்த பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிறார். இவ்வளவுதான், பதினோரு நிமிஷம், ஒரு வார்த்தை கிடையாது. பரீட்சையில் எப்போதும் இதில்தான் கேள்வி: "அவர் ஏன் கதவைத் தட்டவில்லை?" போன வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த தோழி ஒருத்தி அவளுக்குக் கதை சொல்லியிருக்கிறாள். எப்படி? "வர்றான்டி. ரொம்ப சோகமா இருக்கு. நிக்கறான். இன்னும் சோகமா இருக்கு. போயிட்டான்." இதை வைத்து நாலு பக்கம் எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்கள். இந்த வருஷமும் போனால் பட்டம் கைக்கு வராது. ஒரு பெரிய வக்கீல் தன் ஆபீஸில் அவளுக்கு இடம் ஒதுக்கி, பட்டத்தோடு வா என்று காத்திருக்கிறார், அதுவும் போய்விடும். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. "எனக்கு அந்தப் பதினோரு நிமிஷம் முழுக்க வெறும் காலடிச் சத்தம்தான் அக்கா. யாரோ வாடகைக்கு வீடு பாக்க வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

வேலைக்கு விதி நாலு என்று ஒரு தாள் கொடுத்தார்கள். கண்ணில் படுவதை மட்டும் சொல், மனதில் படுவதைச் சொல்லாதே. நடக்கும்போதே நடப்பதாகச் சொல். மற்றவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிரு, இடைவெளி கிடைத்தால் மட்டும் பேசு. யார் பக்கமும் சாயாதே. படித்ததும் எனக்குக் கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஞாபகத்துக்கு வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணி, நல்ல ஞாபகம்தான்.

பழக்கம் வர வேண்டும் என்று வீட்டிலேயே பயிற்சி எடுத்தேன். உங்கள் தம்பி ஆபீஸிலிருந்து வந்து உட்கார்ந்தால், "அவர் வருகிறார். சாக்ஸைக் கழற்றுகிறார். அதை நாற்காலியின் மேல் போடுகிறார்" என்று சொல்லிக்கொண்டே போவேன்.

"என்ன இது, வீட்டுக்குள்ள செய்தி வாசிக்கறே?"

"புருவத்தைச் சுருக்குகிறார்."

"நான் ஒண்ணும் சுருக்கலை."

"சாக்ஸை எடுக்கிறார். சுற்றிலும் பார்க்கிறார். மறுபடியும் நாற்காலியின் மேலேயே போடுகிறார்."

ஒரு வாரத்தில் சாக்ஸ் கூடைக்குப் போக ஆரம்பித்தது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனால் என்னால் நிறுத்த முடியவில்லை. கடைக்குப் போனால் கடைக்காரரைச் சொன்னேன். மாடிப்படி ஏறினால் படியைச் சொன்னேன். பையனைக் குளிப்பாட்டும்போது, சாப்பாடு ஊட்டும்போது, தூங்க வைக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு சத்தம் வராது. உங்கள் பெண் பத்து மாதத்திலேயே முழு வாக்கியம் பேசியதாக நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. காதுதான் கேட்கவில்லையோ என்று பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்த்தேன், திரும்பவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அடுத்த அறையில் உங்கள் தம்பி சத்தமில்லாமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார், எழுந்து ஓடினான். இதை எப்படிப் புரிந்துகொள்வது? டாக்டரிடம் போனோம். அவர் பையனின் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் என்னைப் பார்த்தார். நான் அவர் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். "அம்மா, குழந்தைக்கு எல்லாம் சரியா இருக்கு. பேசறதுக்கு அவனுக்குக் கொஞ்சம் இடம் விடுங்க" என்றார். இடம் என்றால் என்ன, எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். அடுத்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

இது ஒரு பக்கம் இருக்க, ரெக்கார்டிங். நூலகத்தில் சத்தமில்லாத இடம் வேண்டும் என்று தேடினால், சத்தம் போடாதீர்கள் என்ற பலகை இருக்கிற இடத்தில்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் வீட்டில், துணி அலமாரிக்குள், போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பேசினேன். அந்தப் பதினோரு நிமிஷத்தின் முதல் பாதி அருமையாக வந்தது. "அவர் வருகிறார். கதவுக்கு முன்னால் நிற்கிறார். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிறது." இரண்டாவது பாதி எடுக்க வேண்டிய அன்றைக்கு உங்கள் தம்பி, "அஞ்சு மணிக்கு வந்து பையனைப் பாத்துக்கறேன், நீ நிம்மதியா பேசு" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று, நான் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடந்து நடந்து கால் போயிற்று, பையன் அலமாரிக்குள் புகுந்து என் மடியிலேயே உட்கார்ந்துவிட்டான், சரி என்று அவனை வைத்துக்கொண்டே மீதியைச் சொல்லி முடித்தேன், ஏழு மணிக்குத்தான் வந்தான். வந்தார். அடித்துத் திருத்த இடமில்லை, மன்னியுங்கள். ஆபீஸில் யாருக்கோ பிரிவு உபசாரமாம்.

மறுநாள் வக்கீலம்மா எங்கள் சின்ன அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுப் படத்தையும் கேட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்துவிட்டு மேஜை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ரெண்டு விஷயம் கேக்கணும்."

"கேளும்மா."

"கதவு வரைக்கும் 'அவர் வருகிறார், அவர் நிற்கிறார்'னு சொன்னீங்க. பொட்டலத்தை வெச்சுட்டுத் திரும்பினதும் 'அவன் போகிறான்'ங்கறீங்க. நடுவுல அந்த ஆளு என்ன தப்பு பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலையேம்மா. திரும்பினாரு."

"திரும்பினதுக்கா மரியாதையைப் பிடுங்கிட்டீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா அவன் என்றேன்? போட்டுக் கேட்டால், ஆமாம், நான்தான். அதுவும் எப்படிப்பட்ட 'அவன்' தெரியுமா, அந்த ஒரு சொல்லிலேயே அந்த ஆளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற மாதிரி இருந்தது.

"ரெண்டாவது என்னம்மா?"

"'கதவைத் தட்டாமல் திரும்புகிறான்'னு சொல்றீங்க. எனக்கு ரெண்டு தட்டு கேக்குதே."

"எந்த இடத்துல?"

"நீங்க தட்டலைன்னு சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. தட், தட். மெதுவா."

"இல்லம்மா, நான் பாத்தேன். அவர் கதவைத் தொடவே இல்லை."

"நான் கேட்டேன் அக்கா. தட்டினாரு."

அண்ணி, இங்கேதான் என் தலை சுற்ற ஆரம்பித்தது, இன்னும் முழுசாக நிற்கவில்லை. நூலகர் ஐயாவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார், தட்டவில்லை. அந்தப் பேப்பர் நடத்துகிற பேராசிரியரைக் கூப்பிட்டார், அவர் பதினோரு வருஷமாக இந்தப் படத்தை நடத்துகிறவர். "தட்டலைங்கறதுதாம்மா படமே. பழைய படம், ஏதாவது கீறல் சத்தமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். வக்கீலம்மாவின் நிலைமையைப் பாருங்கள். தட்டினார் என்று எழுதினால் ஃபெயில். தட்டவில்லை என்று எழுதினால், தன் காதால் கேட்டதைத் தானே பொய் என்று எழுத வேண்டும். கோர்ட்டுக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு முதல் காரியமே இதுவா? பரீட்சைக்கு ஒன்பது நாள்.

ஆனால் பெரியவர்கள் இருவரும் தட்டுச் சத்தத்தை விட்டுவிட்டு அவரா, அவனா என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். நூலகர் ஐயாவுக்கு எல்லோரும் அவர்தான். புத்தகத்தைத் திருப்பித் தராதவனையும் அவர் என்றுதான் சொல்வார். பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவர்னு சொன்னா அந்த ஆளு செஞ்சது நியாயம்னு நீங்களே சொல்லிட்ட மாதிரி. அவன்னு சொன்னா கோழைன்னு சொல்லிட்ட மாதிரி. என் கேள்விக்குப் பதிலை நீங்களே குடுத்துட்டா, பிள்ளைங்க என்னத்தை எழுதும்?" அப்படியானால் இரண்டும் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "அது உங்க வேலை" என்றார். விதித் தாளில் யார் பக்கமும் சாயாதே என்று போட்டவருக்கு எந்த மொழி தாய்மொழியோ, நம் மொழியில் ஒரு ஆள் நடந்தாலே ஒன்று நடக்கிறான் அல்லது நடக்கிறார், நடுவில் நடக்க வழியே இல்லை.

முயற்சி பண்ணாமல் இல்லை. ஆளே இல்லாத வாக்கியமாக மாற்றினேன். "கதவருகே வருதல். நிற்றல். பார்த்தல். குனிந்து பொட்டலத்தை வைத்தல். திரும்புதல்." வக்கீலம்மா கேட்டுவிட்டு விக்கல் வரும்வரை சிரித்தாள். "அடுத்தது 'மூடி போட்டுப் பத்து நிமிடம் வேகவைத்தல்'னு வரும்போல இருக்கு அக்கா." பேச்சுத் தமிழில், "ஆள் வருது, ஆள் நிக்குது" என்று சொல்லிப் பார்த்தேன். நூலகர் ஐயா, "வேணாம்மா, பேய்ப் படம்னு நினைச்சுக்குவாங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதே மறந்துவிட்டது. பையனை "வாங்க, பால் குடிங்க" என்றேன். பக்கத்து வீட்டுப் பெரியவரை நல்லவேளையாக ஒன்றும் சொல்லவில்லை, அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டேன். "ஏன் அவரைப் பாத்து ஓடறே?" என்று உங்கள் தம்பி கேட்டார். "எது வாயில வரும்னு எனக்கே தெரியலை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வர்ணிக்கவில்லை.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது வக்கீலம்மா வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரோ அவனோ, அதை அப்புறம் பாப்போம். எனக்கு அந்த ரெண்டு தட்டு வேணும் அக்கா. நான் சொல்றபடி செய்யறீங்களா?"

"செய்யறேன்."

"கண்ணை மூடிக்கோங்க. மூடிக்கிட்டுக் கேளுங்க. தட்டு வர்ற இடத்துல பட்டுனு நிறுத்துங்க. அப்புறம் கண்ணைத் திறங்க. ஆனா முகத்தைப் பாக்காதீங்க, சத்தம் எங்கேருந்து வருதோ அங்கே பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். முதல் தடவை தவறவிட்டேன். இரண்டாவது தடவை கேட்டது. தட். உண்மையாகவே கேட்டது, அண்ணி. பஞ்சுமேல் விரலால் தட்டின மாதிரி. இத்தனை நாள் அதே சத்தம் என் காதிலும்தானே விழுந்திருக்கிறது. நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தேன். திரை முழுக்க இருட்டு, நடுவில் ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஆளின் முகம். யாராக இருந்தாலும் அங்கேதான் பார்ப்பார்கள். நான் பார்க்கவில்லை. கீழே பார்த்தேன். பொட்டலம் வைக்கக் குனிந்திருக்கிறார் அல்லவா, அந்தக் கைக்குப் பக்கத்தில், படத்தின் அடி ஓரத்தில், ஒரு சின்னச் செருப்பு.

"என்ன அக்கா? என்ன இருக்கு?"

"குழந்தையோட செருப்பும்மா. வாசல்ல கிடந்திருக்கு. ஒண்ணு அங்கே, ஒண்ணு இங்கே. கவுந்து கிடந்ததை எடுக்கறாரு. இன்னொரு கையால தட்டறாரு. ரெண்டு தடவை. மண்ணு உதிருது. ரெண்டையும் ஜோடியா சேத்து வெக்கறாரு. அப்புறம்தான் எழுந்து திரும்பறாரு."

அவள் மேஜை மேல் விரலால் இரண்டு தடவை மெதுவாகத் தட்டிப் பார்த்தாள்.

"அப்போ தட்டினாரு."

"தட்டினாரும்மா."

"நான் கேட்டது சரிதான்."

"சரிதான்."

"இத்தனை தடவை பாத்தும் ஏன் அக்கா உங்க கண்ணுல படலை?"

"முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். கோவமா இருந்தேன்."

"யார் மேல?"

"வீட்டுக்கு வரவேண்டிய நேரத்துல வராத ஆளு மேல."

"படத்துலயா?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் உங்கள் தம்பி நாலே முக்காலுக்கே வந்துவிட்டார். அவரிடம் பையனைக் கொடுத்துவிட்டு அலமாரிக்குள் போய், கடைசிப் பாதியைப் புதிதாகச் சொன்னேன். தட்டாமல் திரும்புகிறான் என்பதை எடுத்தேன். நடக்காததைச் சொல்வது என் வேலையே இல்லை, அதுவே விதிப்படி தப்பு. முதலிலிருந்து முடிவுவரை அவர். "அவர் குனிகிறார். குழந்தையின் செருப்பை எடுக்கிறார். தட்டுகிறார்." அந்த இடத்தில் இரண்டு தட்டும் கேட்பதற்காக வாயை மூடிக்கொண்டேன். "ஜோடியாக வைக்கிறார். எழுகிறார். திரும்புகிறார்." அவர் என்பதில் பேராசிரியருக்குத் திருப்தி இல்லை, பரவாயில்லை. வாசலில் கிடக்கிற பிள்ளைச் செருப்பை எடுத்து மண் தட்டிவைக்கிறவரை, ஓடிப்போனவராகவே இருந்தாலும், எனக்கு அவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பரீட்சையில் வழக்கமான கேள்விதான் வந்தது. வக்கீலம்மா சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். முதல் வரியே, "கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது, அவர் தட்டினார்" என்று. நாலு பக்கம். பேராசிரியர் விடைத்தாளில் சிவப்பு மையால் "படத்தில் இல்லாதது" என்று எழுதி, முட்டையும் போட்டு, நூலகத்துக்கு வந்து என்னிடம் சத்தம் போட்டார், நான் அந்தப் பெண்ணைக் கெடுத்துவிட்டேனாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹெட்போனைக் கொடுத்து, "கண்ணை மூடிக்கோங்க சார்" என்றேன். மூன்றாவது தடவையில் கண்டுபிடித்துவிட்டார். பிறகு சொன்னதைக் கேளுங்கள்: "பதினோரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் நாப்பது பேர். எல்லாரும் தட்டலைன்னு எழுதினாங்க, எல்லாருக்கும் மார்க் போட்டேனே." அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். திரும்பப் போய் முட்டையை அடித்துவிட்டு மார்க் போட்டார், வகுப்பிலேயே அதுதான் அதிகம். வக்கீலம்மா அடுத்த மாதம் வக்கீல் ஆபீஸில் சேருகிறாள். சொல்லிக்கொள்ள வந்தவள், வாசல்வரை போய்த் திரும்பி, "இன்னும் முப்பத்தொம்பது படம் இருக்குல்ல அக்கா? கோவம் வந்தா முகத்தைப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, சினிமா பார்ப்பதற்கா சம்பளம் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஒரு செருப்பைப் பார்ப்பதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

முதல் கேள்விக்கு வருகிறேன். பையன் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? டாக்டர் சொன்ன அந்த 'இடம்' என்பது வீட்டில் நான் வாயை ஓயாமல் ஆட்டுவதைத்தான் குறிக்கிறது என்று உங்கள் தம்பி மெதுவாகச் சொன்னார், நான் வருத்தப்படவில்லை, ஒரு நாள்தான் பேசாமலிருந்தேன். முந்தாநாளிலிருந்து வீட்டுக்குள் வர்ணனை கிடையாது என்று முடிவு பண்ணியிருக்கிறோம். இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் வர்ணிக்க மாட்டார்கள், எல்லோருக்கும் முறையான மரியாதை உண்டு. நீங்கள் முழங்கால் கொஞ்சம் தேவலை என்றதும் வந்து, பத்து நாள் இருந்து, அவனோடு பேசிப் பாருங்கள். நீங்கள் பேச ஆரம்பித்தால் பதில் பேசாமல் யாராலும் இருக்க முடியாது, உங்கள் தம்பி ஒருவரைத் தவிர.

அண்ணனுக்கு என் வணக்கம். பத்து மாதத்தில் பேசிய உங்கள் பெண்ணுக்கும், எப்போது பேசினான் என்று நீங்கள் எழுதாத உங்கள் பையனுக்கும் என் அன்பு. உங்கள் வாழ்த்து எப்போதும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் என்றும் மரியாதை குறையாத
தம்பி மனைவி

பின்குறிப்பு: கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தம்பி ஆபீஸிலிருந்து வந்தார். வர்ணனை இல்லை என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை, திட்டு விழுமோ என்று அவரும் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டில் பேச்சே இல்லை. பையன் வாசலைப் பார்த்தான், எங்கள் இருவர் வாயையும் பார்த்தான், பிறகு மைக்கில் பேசுகிற மாதிரி நிதானமாக ஆரம்பித்தான்: "அவன் வருகிறான்." நாங்கள் அசையவில்லை. "அவன் செருப்பைத் தட்டுகிறான்." உண்மையாகவே தட்டிக்கொண்டிருந்தார், செருப்பு கையிலிருந்து நழுவிவிட்டது. "அவன் கண்ணைத் துடைக்கிறான்." அழுகிறான் என்று சொல்லவில்லை பாருங்கள், கண்ணில் பட்டதை மட்டும்தான் சொன்னான். ரெண்டே கால் வருஷமாக அந்தப் பிள்ளை மூன்றாவது விதிப்படி இடைவெளிக்குத்தான் காத்திருந்திருக்கிறது. ஆகவே பையன் பேசவில்லை என்று மேலே எழுதியதை அடித்துப் படியுங்கள். வர்ணனை கிடையாது என்றதையும் அடித்துவிடுங்கள், அரைமணி நேரமாக அவன் நிறுத்தவில்லை. எல்லோருக்கும் முறையான மரியாதை என்றதையும் அடிக்க வேண்டியதுதான், அலமாரிக்குள் என் மடியில் உட்கார்ந்து கேட்ட அந்த அவனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவர் என்று சொல்லித் தரட்டுமா என்றால் உங்கள் தம்பி, "யாரும் அவனைத் திருத்த வேணாம்" என்கிறார். நீங்கள் வருவதில் மாற்றமில்லை, கட்டாயம் வாருங்கள். வந்து உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவீர்கள், அதை அவன் சொல்லுவான், அதை யாராலும் தடுக்க முடியாது. சொல்லும்போது "அத்தை உட்காருகிறார்" என்று வருமா, "உட்காருகிறாள்" என்று வருமா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பல்ல.